சிகரமா, இமயமா? திரை ரசிகர் விவாதமும் இயக்குநர் குறித்த தமிழ்த் திறனாய்வும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரைப்பட ரசிகர்கள் தமக்கு விருப்பமான இயக்குநர்களை ஒப்பிட்டு நிகழ்த்தும் விவாதங்கள் பெரும்பாலும் சமூகவியல் நோக்கிலேயே ஆராயப்பட்டுள்ளன. அவ்விவாதங்களில் முன்வைக்கப்படும் காரணங்களைத் திறனாய்வுக் கூற்றுகளாகக் கொண்டு சோதிக்கும் முயற்சிகள் குறைவு. இக்கட்டுரை மகேந்திரன், பாலு மகேந்திரா ஆகிய இருவரையும் இணைத்து நிகழும் விவாதத்தை எடுத்துக்கொண்டு, அதில் பயிலும் ‘மௌனம்’, ‘ஒளி’ என்னும் இரு அளவுகோல்களைப் படங்களோடு பொருத்திப் பார்க்கிறது. இவ்விரு அளவுகோல்களும் இருவரையும் வேறுபடுத்தப் போதுமானவை அல்ல என்பதையும், படங்களின் இறுதிக் காட்சிகளில் சொல் பெறும் இடம் அவர்களை வேறுபடுத்துகிறது என்பதையும் நிறுவ முயல்கிறது. ரசிகர் விவாதத்தின் சட்டகம் கல்விப்புல ஆய்வுகளிலும் தொடர்வதால் ஏற்படும் இழப்புகள் இறுதியில் சுட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ரசிகர் விவாதம், இயக்குநர், பட்டிமன்றம், உரைமரபு, மகேந்திரன், பாலு மகேந்திரா, திரைப்பட ஆவணக்காப்பகம்

முன்னுரை

‘யார் பெரியவர்?’ என்னும் வினாவைச் சுற்றியே தமிழ்த் திரைப்பட ரசிகர்களின் உரையாடல் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகிறது. எம்.ஜி.ஆரா சிவாஜியா, ரஜினியா கமலா என நடிகர்களை முன்வைத்து எழுந்த இவ்வினா, 1970களின் பிற்பகுதியிலிருந்து இயக்குநர்களை நோக்கியும் வலுவாகத் திரும்பியது. பாலசந்தரா பாரதிராஜாவா, மகேந்திரனா பாலு மகேந்திராவா என்பன தேநீர்க் கடையிலும் மாணவர் விடுதியிலும் திரைப்படச் சங்கக் கூட்டங்களிலும் இன்றும் கேட்கத்தக்க வினாக்களே.

ரசிகர் என்னும் பொருண்மை ஆய்வுலகுக்குப் புதியதன்று. எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்திற்கும் அடித்தட்டு மக்கள் அவருக்கு அளித்த ஆதரவிற்கும் இடையிலான உறவை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார். மதுரை நகர்ப்புற ஏழைகளிடையே களப்பணி செய்த சாரா டிக்கி, ரசிகர் மன்றங்களின் இயக்கத்தை 1993இல் வெளிவந்த நூலில் விளக்கினார். தமிழ்ச் சமூகத்திற்கும் திரைப்படத்திற்கும் உள்ள உறவைக் கா. சிவத்தம்பியும் சு. தியடோர் பாஸ்கரனும் வரலாற்று நோக்கில் எழுதியுள்ளனர். ரசிகர் யார், எதன்பொருட்டுத் திரள்கிறார், அத்திரட்சி அரசியலில் என்னவாகிறது என்பன இவ்வகை ஆய்வுகளின் முதன்மை வினாக்கள். தம் விருப்பத்திற்கு ரசிகர் காட்டும் காரணம் சரியா, பிழையா என்று கேட்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை.

அவ்வினாவை எழுப்பலாம் என்பதே இக்கட்டுரையின் தொடக்க நிலைப்பாடு. ‘எனக்கு இப்படம் பிடிக்கும்’ என்பவரோடு வாதிட இடமில்லை. ‘இப்படமே சிறந்தது’ என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பவரும் அதை ஏற்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அக்கூற்றில் அடங்கியிருக்கிறது. சுவை பற்றிய தீர்ப்பு பிறரது உடன்பாட்டைக் கோருகிறது என 1790இல் காண்ட் எழுதியதும் இவ்வேறுபாட்டைக் கருதியே. உடன்பாட்டைக் கோருபவர் காரணம் சொல்லியாக வேண்டும். சொன்ன காரணம் சோதனைக்குரியது. இவ்வகையில் ரசிகரின் விவாதம் திறனாய்வின் வாயிலில் நிற்பதாகக் கொள்ளலாம்.

நடிகரிலிருந்து இயக்குநருக்கு

நடிகரை மையமிட்ட விவாதத்தில் சான்றுகள் பெரும்பாலும் எண்களாக இருந்தன. நூறு நாள், வெள்ளி விழா, திரையரங்குகளின் எண்ணிக்கை, முதல் வார வசூல் ஆகியன வாதத்தின் ஆயுதங்களாயின. இயக்குநரை மையமிட்ட விவாதம் இதிலிருந்து ஒரு படி நகர்ந்தது. ‘சொன்ன விதம்’, ‘எடுத்த விதம்’ ஆகிய தொடர்கள் அதில் முதன்மை பெற்றன. 1959இல் வெளிவந்த ‘கல்யாண பரிசு’, 1962இல் வெளிவந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஆகியவற்றால் ஸ்ரீதரும், அவரைத் தொடர்ந்து கே. பாலசந்தரும், படத்தின் நடிகர் யாரெனக் கேளாமலே பார்க்கச் செல்லத்தக்க பெயர்களாயினர். 1977இல் ‘16 வயதினிலே’ வெளிவந்தபின் பாரதிராஜாவின் பெயர் அவ்விடத்தைப் பெற்றது. படத் தொடக்கத்தில் தம் குரலிலேயே பார்வையாளரை விளித்துப் பேசும் அவரது வழக்கம், படத்திற்கு உரியவர் இயக்குநரே என்பதைச் செவிவழியாக நிறுவிற்று.

ஆயினும் பழைய சட்டகம் முழுதும் மறையவில்லை. அதற்குப் பட்டப்பெயர்களே சான்று. ‘மக்கள் திலகம்’, ‘நடிகர் திலகம்’ என்னும் மரபில் பாலசந்தர் ‘இயக்குநர் சிகரம்’ ஆனார். பாரதிராஜா ‘இயக்குநர் இமயம்’ ஆனார். நடிகர்கள் இருவருக்கும் வாய்த்தது ஒரே திலகம். இயக்குநர்கள் இருவருக்கும் வாய்த்தவை மலையும் மலையுச்சியும். இரண்டுமே உயரத்தைக் குறிப்பவை. ஒரு படைப்பாளியின் தன்மையைச் சுட்ட வேண்டிய அடைமொழி, அவர் எத்தனை உயரத்தில் நிற்கிறார் என்பதை மட்டும் சுட்டுகிறது. இருவரது திரைமொழியும் எவ்வாறு வேறுபடுகிறது என்பதற்கு இப்பட்டங்களில் குறிப்பேதும் இல்லை.

எண்களும் விடைபெறவில்லை. ‘ஆனந்த விகடன்’ தன் திரை விமர்சனங்களில் மதிப்பெண் வழங்கிய வழக்கமும், ‘16 வயதினிலே’ படத்திற்கு அது அளித்த 62.5 என்னும் எண்ணும் ரசிகர் உரையாடல்களில் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. அம்மதிப்பெண்ணை அறிந்தோர் பலர். அதனோடு வெளிவந்த விமர்சனத்தில் சொல்லப்பட்ட காரணங்களை நினைவில் வைத்திருப்போர் சிலரே. நடிகருக்குரிய வெற்றிநாள் கணக்கின் இடத்தை இயக்குநருக்கு மதிப்பெண் நிரப்பிற்று.

பட்டிமன்றமும் உரைமரபும்

ரசிகர் விவாதம் எப்போதும் இருவரை எதிரெதிரே நிறுத்துவதேன்? தமிழ்ப் பொதுவாழ்வில் வேரூன்றிய பட்டிமன்ற வடிவத்தோடு இதனை ஒப்பிடலாம். சமயவாதிகள் ஏறி வாதிடும் இடமாகப் பட்டிமண்டபத்தை மணிமேகலை குறிப்பிடுகிறது. 1939இல் சா. கணேசன் தோற்றுவித்த காரைக்குடிக் கம்பன் கழகமும் அதன் வழிவந்த கழகங்களும் இச்சொல்லுக்குப் புதுவாழ்வு அளித்தன. குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக வீற்றிருந்த மேடைகளிலும் பின்னர்த் தொலைக்காட்சியிலும் அவ்வடிவம் பரவிற்று. பாத்திரங்களுள் விஞ்சி நிற்பவர் யார் என்பது அதன் விருப்பமான வினா. இரண்டு அணி, ஒரு நடுவர், இறுதியில் ஒரு தீர்ப்பு என்பது அதன் அமைப்பு.

இவ்வமைப்பின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. காப்பியத்தைப் படித்தறியாத அவையும் அதன் நுட்பங்களைச் செவிமடுக்கப் பட்டிமன்றம் வழிசெய்தது. எனினும் தீர்ப்பு வழங்கியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அதற்கு உண்டு. ஒப்பிடப்படும் இருவரும் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டவர்கள் என்பதை அது முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. அளவுகோலே பொருந்துமா என்னும் வினா அம்மேடையில் எழுவது அரிது.

தமிழில் வாதத்திற்கு மற்றொரு வடிவமும் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை வகுத்த சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரின் கருத்துகளைப் பல இடங்களில் மறுத்துள்ளார். பரிமேலழகர் தம் குறளுரையில் பிறர் கொண்ட பாடங்களையும் பொருள்களையும் எடுத்துக்காட்டி விலக்கியுள்ளார். இம்மறுப்புகள் கடுமையானவையே. ஆனால் ஒவ்வொரு மறுப்பும் ஒரு நூற்பாவையோ ஒரு குறளையோ ஒரு சொல்லையோ பற்றி நிற்கிறது. மறுப்பவர் சுட்டும் இடத்தைப் படிப்பவரும் எடுத்துப் பார்க்கலாம், உரைகாரரோடு முரண்படலாம். இளம்பூரணர் பெரியவரா, சேனாவரையர் பெரியவரா என்பது அங்கே வாதப்பொருளாக இல்லை. இந்நூற்பாவிற்கு எப்பொருள் தகும் என்பதே வாதப்பொருள்.

ரசிகர் விவாதத்திற்குள் இவ்விரு வடிவங்களும் கலந்தே உள்ளன. ‘மகேந்திரனே பெரியவர்’ என்று தொடங்கும் ஒருவர், எதிர்வாதம் வலுக்கும்போது ஒரு காட்சியைச் சொல்லிக் காட்டத் தொடங்குகிறார். அந்தக் கணத்தில் பட்டிமன்றம் உரைமரபாகிறது. அவர் சுட்டும் காட்சியைப் பின்தொடர்வதே திறனாய்வாளரின் வேலை.

ஓர் இணையின் சிக்கல்

மகேந்திரனையும் பாலு மகேந்திராவையும் இணைத்துப் பேசுவதற்கு வெளிப்படையான காரணங்கள் உள. இருவரும் 1939இல் பிறந்தவர்கள். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தமிழில் அறிமுகமாயினர். வணிகப் படத்தின் மிகையை இருவரும் தவிர்த்தனர். எனவே இவருள் யார் பெரியவர் என்னும் வினா ரசிகர்க்கு இயல்பாகத் தோன்றுகிறது.

இவ்விணைக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. மகேந்திரன் இயக்கிய முதற்படமான ‘முள்ளும் மலரும்’ 1978இல் வெளிவந்தது. அதன் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. தமிழில் அவர் ஒளிப்பதிவு செய்த முதற்படமும் அதுவே. அதற்கு முந்தைய ஆண்டில் கன்னடத்தில் ‘கோகிலா’வை இயக்கி, அதன் ஒளிப்பதிவிற்காகத் தேசிய விருதும் பெற்றவர் அவர். ஆகவே ஏற்கெனவே இயக்குநராகிவிட்ட ஒருவர், முதன்முறையாக இயக்கும் மற்றொருவருக்கு ஒளிப்பதிவு செய்துள்ளார். படத்தின் மூலம் உமாசந்திரனின் நாவல்; இசை இளையராஜாவினுடையது. காளியாக நடித்த ரஜினிகாந்தும் வள்ளியாக நடித்த ஷோபாவும் இல்லாமல் இப்படத்தை எண்ணிப் பார்க்க இயலாது.

மகேந்திரனின் மேன்மைக்கு முதற்சான்றாக ரசிகர் காட்டும் படம் பெரும்பாலும் இதுவே. அதே படத்தின் காட்சியழகைப் பாலு மகேந்திராவின் மேன்மைக்குச் சான்றாக எதிரணி காட்டுவதும் உண்டு. ஒரே சான்று இருதரப்புக்கும் பயன்படுமாயின், ஒன்று சான்றைப் பகுத்துப் பார்க்க வேண்டும். அல்லது வினாவை மாற்ற வேண்டும்.

அமெரிக்கத் திறனாய்விலும் இதனையொத்த சிக்கல் எழுந்தது. படத்தின் ஆசிரியர் இயக்குநரே என்னும் கருத்து, 1954இல் பிரெஞ்சு இதழொன்றில் த்ரூஃபோ எழுதிய கட்டுரையின் வழி வலுப்பெற்றது; 1962இல் ஆண்ட்ரூ சாரிஸ் அதனை ஆங்கிலத்தில் ஒரு கோட்பாடாக முன்வைத்தார். அடுத்த ஆண்டே பாலின் கேல் அதனைக் கடுமையாக மறுத்தார். 1971இல் அவர் எழுதிய நெடுங்கட்டுரை, 1941இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தின் திரைக்கதைப் பெருமை ஹெர்மன் மாங்கிவிட்ஸுக்கே உரியது என வாதிட்டது. பீட்டர் போக்டனோவிச் ஆர்சன் வெல்ஸின் பக்கம் நின்று எதிருரைத்தார். இரு தரப்பும் பற்றோடு பேசிய அவ்விவாதத்தைத் தெளிவாக்கியவர், எஞ்சியிருந்த திரைக்கதை வரைவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட ராபர்ட் காரிங்கர். வெல்ஸின் பங்களிப்பும் கணிசமானது என்பது அவ்வரைவுகளால் புலனாயிற்று. வெல்ஸ் தம் பெயரையும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரையும் ஒரே தலைப்பட்டையில் இட்டிருந்ததும் இங்குக் கருதத்தக்கது. ஆவணம் இருந்தமையால் அங்கே விவாதம் ஒரு முடிவை எட்ட முடிந்தது. நமக்கு அத்தகைய வரைவுகள் ஆய்வுக்கு எளிதில் கிட்டுவதில்லை. எனவே படங்களையே ஆவணமாகக் கொண்டு, கூட்டாளிகள் மாறும்போது எது மாறாமல் நிற்கிறது எனப் பார்ப்பது இயலக்கூடிய வழியாகும்.

மௌனம் என்னும் அளவுகோல்

இவ்விருவரைப் பற்றியும் ரசிகர் அடிக்கடி சொல்லும் புகழுரை, ‘வசனமின்றிப் பேசியவர்’ என்பது. வசனம் மிகுந்த படங்கள்பால் தமக்கிருந்த ஒவ்வாமையை மகேந்திரனே பல இடங்களில் பதிவு செய்துள்ளார். ஆகவே இப்புகழுரை இயக்குநரின் சொல்லாலேயே உறுதிப்படுவதுபோல் தோன்றுகிறது.

படங்களின் இறுதிக் காட்சிகளோ வேறு செய்தி தருகின்றன. ‘முள்ளும் மலரும்’ படத்தில் வின்ச் இயக்குபவனான காளி, தன் மேலதிகாரியான பொறியாளரை வெறுக்கிறான். விபத்தில் கையை இழந்தபின் அவ்வெறுப்பு முற்றுகிறது. தங்கை வள்ளிக்கும் பொறியாளருக்கும் நிகழவிருக்கும் திருமணத்தை அவன் ஏற்கவில்லை. ஊரார் வள்ளியை அழைத்துச் செல்கையில், அவள் அண்ணனை விட்டுப் போக மனமின்றி அவனிடமே ஓடி வருகிறாள். தங்கை தன்னையே பெரிதாக எண்ணினாள் என்னும் நிறைவில் காளி அவளைத் தானே பொறியாளரிடம் ஒப்படைக்கிறான். வழக்கமான படமாயின் இங்கே பகை கரைந்திருக்கும். காளியோ, பொறியாளரைத் தனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என அவர் முகத்திற்கு நேரே சொல்கிறான். படத்தின் உச்சம் இச்சொல்லில் நிற்கிறது. இதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது அண்ணன் தங்கைப் பாசம் பற்றிய பல படங்களுள் ஒன்று.

1979இல் வெளிவந்த ‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தூண்டுதலாகக் கொண்டு, அதிலிருந்து வெகுதொலைவு விலகிச் சென்ற படம். அதன் ஒளிப்பதிவாளர் அசோக்குமார். சுந்தரவடிவேலுவின் கொடுமைகளைப் பொறுத்துக்கொண்டிருந்த ஊர், இறுதியில் அவனை ஆற்றில் இறங்கச் செய்கிறது. இறங்குமுன் அவன் ஊராரை நோக்கிப் பேசுகிறான். இதுவரை நல்லவர்களாக இருந்த அவர்களையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டதே தான் செய்த தவறுகளுள் பெரியது என்பது அவன் பேச்சின் சாரம். கொடியவன் தண்டிக்கப்பட்டான் என்று நிம்மதியடைய இருந்த பார்வையாளரை அச்சொல் தடுத்துவிடுகிறது. ஆற்றங்கரையில் எஞ்சும் குழந்தைகளின் காட்சி அச்சொல்லின் சுமையோடுதான் நம்மை வந்தடைகிறது.

இரு படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் வேறு, கதைமூலம் வேறு, முதன்மை நடிகர் வேறு. மாறாமல் நிற்பது, பார்வையாளர் எதிர்பார்க்கும் முடிவை ஒரு சொல்லால் திருப்பும் உத்தி. அச்சொல்லைத் தாங்குவதற்காகவே அதற்கு முந்தைய நேரம் முழுதும் சொற்சிக்கனம் பேணப்படுகிறது. மகேந்திரன் திரையுலகில் நிலைபெற்றது எழுத்தாளராக என்பதை இங்கு நினைவுகூரலாம். பி. மாதவன் இயக்கி 1974இல் வெளிவந்த ‘தங்கப் பதக்கம்’ அவரது எழுத்தில் உருவானது. அது வசனத்தின் வலிமையால் நின்ற படம். அவ்வெழுத்தாளர் இயக்குநரானபின் சொல்லைத் துறக்கவில்லை. அதைச் செலவிடும் இடத்தைத் தேர்ந்தார். ‘மௌனத்தின் இயக்குநர்’ என்னும் புகழுரை இத்தேர்வைக் காணவிடாமல் செய்துவிடுகிறது.

சொல் சென்று சேரும் இடம்

பாலு மகேந்திராவின் முடிவுகளை இதனோடு ஒப்பிடும்போது வேறுபாடு துலங்குகிறது. 1982இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’யின் இறுதிக் காட்சி தொடர்வண்டி நிலையத்தில் நிகழ்கிறது. நினைவு திரும்பிய விஜிக்குச் சீனு யாரோ ஒருவன். அவளுக்குத் தன்னை நினைவூட்ட அவன் சொல்லும் சொற்கள் பயனற்றுப் போகின்றன. முன்பு அவளை மகிழ்வித்த குரங்காட்டத்தை ஆடிக் காட்டுகிறான். அதுவும் சேரவில்லை. தொடர்வண்டி நகர்ந்துவிடுகிறது.

1988இல் வெளிவந்த ‘வீடு’, பாடல்கள் அற்ற படம். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் பாலு மகேந்திராவினுடையவை. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா பாத்திரம், கட்டி முடிக்கப்படாத வீட்டைத் தனியே சென்று பார்க்கும் நெடுங்காட்சியில் பேச்சில்லை. அவர் இறந்தபின், நிலம் குறித்து வரும் அரசுத் துறையின் உரிமைக் கோரிக்கை சுதாவின் உழைப்பை முழுதும் கேள்விக்குள்ளாக்குகிறது. அவள் முறையிடுகிறாள், முறையீட்டுக்கு விடை கிடைக்காத நிலையில் படம் முடிகிறது. சீனுவின் சொல்லைப் போலவே சுதாவின் சொல்லும் சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை.

ஆகவே இருவரிடமும் சொற்சிக்கனம் உண்டு. அதன் காரணம் வேறு. மகேந்திரனின் படங்களில் தாமதித்து வரும் சொல், கேட்பவரைச் சென்று தைக்கிறது. பாலு மகேந்திராவின் படங்களில் சொல் கேட்பவரை அடையும் வழி அடைபட்டிருக்கிறது. 1980இல் வெளிவந்த ‘ஜானி’யும் இக்கருத்திற்கு அரண் செய்கிறது. மழையில் அவையினர் கலைந்துபோன வெளியில் அர்ச்சனா பாடிக்கொண்டிருக்கிறாள். அப்பாடல் யாருக்கானதோ அவன் வந்து சேர்கிறான். ஊர் கூடி நிற்கும் முன்னைய இரு முடிவுகளிலிருந்து இது வேறுபடினும், விளி உரியவரைச் சேர்கிறது என்னும் கூறு மாறவில்லை.

இக்கருத்திற்கு மாறான சான்றையும் கருத வேண்டும். பாலு மகேந்திரா 1993இல் இயக்கிய ‘மறுபடியும்’ படத்தின் முடிவில், திரும்பி வர விரும்பும் கணவனைத் துளசி ஒரு வினாவால் மறுத்துவிடுகிறாள். அச்சொல் சேரவேண்டியவனைச் சேர்கிறது. இப்படம் மகேஷ் பட்டின் ‘அர்த்’ படத்தின் மறுவாக்கம் என்பதும், இம்முடிவு மூலத்திலேயே உள்ளது என்பதும் விளக்கமாகலாம். ஆயினும் அம்மூலத்தைத் தேர்ந்தவர் பாலு மகேந்திராவே என்பதால், மேற்கண்ட வேறுபாட்டை அவரது எல்லாப் படங்களுக்கும் உரிய விதியாகக் கொள்ளாமல், முதன்மைப் படங்களில் தொடரும் ஒரு போக்காகக் கொள்வதே தகும். உடன்பாட்டுச் சான்றோடு மாற்றுச் சான்றையும் எண்ணுவதற்கு ‘யார் பெரியவர்?’ என்னும் வினாவில் இடமில்லை. ‘எங்கே வேறுபடுகின்றனர்?’ என்னும் வினாவில் அதற்கு இடமுண்டு.

ஒளி பற்றிய வாதமும் படிகளின் நிலையும்

ரசிகர் சுட்டும் மற்றோர் அளவுகோல் ஒளி. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற பாலு மகேந்திரா, கிடைக்கும் இயற்கை ஒளியைப் பயன்கொண்ட முறை பரவலாகப் போற்றப்படுகிறது. ‘மூன்றாம் பிறை’ படத்தின் ஒளிப்பதிவிற்கும் அவர் தேசிய விருது பெற்றார். மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்திற்காக அசோக்குமாரும் தேசிய விருது பெற்றவர் என்பது இவ்விவாதங்களில் குறைவாகவே சொல்லப்படுகிறது. அசோக்குமாரின் பெயர் வராமல் மகேந்திரனின் காட்சியழகைப் பேசுவது, பரிமேலழகர் பெயரைச் சொல்லாமல் அவர் உரையை மேற்கோளாக்குவது போன்றது. இயக்குநர் என்னும் ஒற்றைப் பெயருக்குள் கூட்டாளிகளின் உழைப்பு கரைந்துபோவதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இதனினும் அடிப்படையான தடை ஒன்றுண்டு. ஒளி பற்றிப் பேசும் நாம் எப்படியைப் பார்த்துப் பேசுகிறோம்? இளந்தலைமுறை ரசிகரும் ஆய்வாளரும் இப்படங்களைப் பெரும்பாலும் கண்டது தொலைக்காட்சியிலோ, பன்முறை படியெடுக்கப்பட்ட காணொளியிலோதான். நிழற்பகுதிகள் கறுத்தும், வண்ணங்கள் வெளிறியும், சட்டகத்தின் ஓரங்கள் வெட்டுண்டும் போன படிகள் அவை. ‘வீடு’ முதலான தம் படங்களின் மூல நெகட்டிவ்கள் அழிந்துவிட்டதைப் பாலு மகேந்திரா தம் இறுதிக் காலத்தில் வருத்தத்துடன் வெளிப்படுத்தினார். தமிழ்நாட்டில் திரைப்பட ஆவணக்காப்பகம் அமைய வேண்டும் என வலியுறுத்தினார். 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் நிறுவப்பட்டிருந்தும், தமிழ்ப் படங்களின் நிலை இதுவாக இருப்பது எண்ணத்தக்கது.

ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பாடம் உறுதிசெய்த உ.வே. சாமிநாதையரின் மரபில் வந்தது தமிழ்க் கல்விப்புலம். சிலப்பதிகாரத்தின் ஒரு சொல்லுக்குப் பாடவேறுபாடு குறிக்காமல் ஆய்வுரை எழுத நாம் துணிவதில்லை. திரைப்படத்திற்கு மட்டும் கிடைத்த படியையே மூலமாகக் கொண்டு அழகியல் தீர்ப்புகளை எழுதிவிடுகிறோம். பாலு மகேந்திராவின் ஒளி சிறந்தது என்னும் கூற்று உண்மையாகவே இருக்கலாம். அதை உறுதிசெய்யும் சான்று நாள்தோறும் மங்கிவருகிறது என்பதும் உண்மை.

ஆய்வேடுகளில் ரசிகர் சட்டகம்

திரைப்படம் தமிழ்த் துறைகளின் ஆய்வுப்பொருளாகியிருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் ஓர் இயக்குநரின் பெயரைத் தலைப்பில் நிறுத்தி, அவர் படங்களில் பெண், குடும்பம், சமூகம் எனப் பகுத்துக்கொண்டு செல்லும் முறையே பொதுவழக்காக உள்ளது. கவிஞரின் கவிதைத் திறனை ஆராயும் பழைய ஆய்வேட்டுச் சட்டகம் இது. கவிதைக்கு ஆசிரியர் ஒருவர் என்பதால் அங்கு அது பொருந்தியது. திரைப்படத்திற்கு அதனை மாற்றமின்றிப் பொருத்தும்போது மூன்று இழப்புகள் நேர்கின்றன.

முதலாவது, நாவலாசிரியர், வசனகர்த்தா, ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர் ஆகியோரின் பங்கு ‘இயக்குநரின் கலைத்திறன்’ என்னும் இயலுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாவது, தலைப்பிலேயே தேர்வாகிவிட்ட இயக்குநரின் மேன்மை ஆய்வின் முடிவாகவும் வந்து நிற்கிறது. கருதுகோள் சோதனைக்கு உட்படுவதில்லை. மூன்றாவது, கதைச்சுருக்கமும் வசனமும் சான்றாகின்றன. காட்சியமைப்பும் ஒலியும் சான்றாவதில்லை. ரசிகர் விவாதத்தில் குறையாகக் கருதப்படும் ஆள்பற்று, அடிக்குறிப்புகளோடு ஆய்வேட்டில் இடம்பெறுவதை இதில் காண்கிறோம்.

ரசிகரிடம் உள்ள ஒரு நற்கூறு இவ்வாய்வேடுகளில் விடுபட்டுவிடுவதும் குறிப்பிடத்தக்கது. ரசிகருக்கு எதிரே மறுப்பவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். ‘அந்தக் காட்சியை எடுத்தது அவரல்லர்’ என்று உடனே சொல்லும் அம்மறுப்பாளர், காரணத்தைக் கூர்மைப்படுத்துகிறார். தன் இயக்குநரைத் தனித்து ஆராயும் ஆய்வேட்டிற்கு அத்தகைய எதிர்க்குரல் வாய்ப்பதில்லை.

இந்நிலை மாற, ஓர் இயக்குநரின் படங்களை வெவ்வேறு ஒளிப்பதிவாளர்களோடும், ஓர் ஒளிப்பதிவாளரின் படங்களை வெவ்வேறு இயக்குநர்களோடும் ஒப்பிடும் தலைப்புகள் ஆய்வுக்கு எடுக்கப்பட வேண்டும். அசோக்குமாரை மையமிட்டு ஓர் ஆய்வேடு எழுந்தால், மகேந்திரனைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் சில திருத்தம் பெறும். பயன்படுத்திய படி எது, அதன் கால அளவு எவ்வளவு, தணிக்கைச் சான்றிதழில் குறித்த நீளத்தோடு அது ஒத்திருக்கிறதா என்பவற்றை ஆய்வாளர் பதிவு செய்வதும் வழக்கமாக வேண்டும்.

முடிவுரை

இயக்குநர்களைப் பற்றிய ரசிகர் விவாதம், தீர்ப்பை முன்வைக்கும் பட்டிமன்ற வடிவத்தையும் இடம்சுட்டி வாதிடும் உரைமரபின் கூறையும் ஒருங்கே கொண்டிருக்கிறது. பட்டப்பெயர்களும் மதிப்பெண்களும் முதல்வகைக்கு உரியவை. காட்சியைச் சுட்டிப் பேசுவது இரண்டாம் வகைக்கு உரியது. மகேந்திரன், பாலு மகேந்திரா இணையில் ‘மௌனம்’ என்னும் பொது அடைமொழி இருவருக்குமான வேறுபாட்டை மறைக்கிறது. இறுதிக் காட்சிகளை ஒப்பிட்டால், சொல் உரியவரைச் சென்று சேர்வதும் சேராமல் நிற்பதுமாகிய இரு போக்குகள் புலப்படுகின்றன. இவ்வேறுபாடு ஒருவரை மற்றவரினும் உயர்த்துவதற்கு உதவாது. இருவரையும் தெளிவாகப் பார்க்க உதவும். ஒளி பற்றிய வாதமோ, நல்ல படிகள் கிட்டும்வரை முழுமை பெற வழியில்லை.

2014இல் பாலு மகேந்திராவும் 2019இல் மகேந்திரனும் மறைந்தனர். அவர்களைப் பற்றிய வாதங்கள் இனியும் தொடரும், தொடர வேண்டும். அவ்வாதங்களில் சான்றாக நிற்க வேண்டிய படங்களும் திரைக்கதை வரைவுகளும் எஞ்சியுள்ளவரையேனும் திரட்டிக் காக்கப்பட வேண்டும். அப்பணியில் தமிழ்த் துறைகளுக்குப் பங்குண்டு. சுவடிக்குச் செய்ததைச் சுருளுக்கும் செய்வது அவற்றின் மரபுக்குப் புறம்பானதன்று.